மூன்று பொதுத்தேர்வுகள் எழுதிய கடைசி வகுப்பின் திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர், பள்ளிக்கல்வி இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்குநர், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

2019 ஜூனில் அரசுப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறுகிறவர்கள் நாங்கள். 2024இல் பத்தாம் வகுப்பு, 2025இல் பதினொன்றாம் வகுப்பு, 2026இல் பன்னிரண்டாம் வகுப்பு என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதினோம். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இது நேராது. 2025 ஆகஸ்டு 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். இளைய வகுப்பினர் மகிழ்ந்தார்கள். நாங்களும் அவர்களுக்காக மகிழ்ந்தோம். ஆனால் அந்தத் தேர்வு ஏன் வந்தது, எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, அது போன இடத்தில் இப்போது என்ன வந்து உட்காரப்போகிறது என்பதைப் பற்றி, அதை எழுதிய கடைசி வகுப்பு என்ற முறையில் உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18ஆம் கல்வியாண்டில் வந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அதற்கு முன்பு எங்கள் அண்ணன், அக்காள் காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அப்படிப் படித்து 1200க்கு 1100க்கு மேல் வாங்கியவர்கள்கூடப் பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் கணக்குப் பாடத்தில் தடுமாறினார்கள். நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்பவை. ஆகவே பதினொன்றாம் வகுப்பை எல்லாப் பள்ளிகளும் ஒழுங்காக நடத்த வைக்கத்தான் இந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லது. அதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. பள்ளி செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்கு மாணவர்களின் தலையில் தேர்வை வைத்தீர்கள் என்பதுதான் எங்கள் வருத்தம். தவறு செய்தது பள்ளி நிர்வாகங்கள். தேர்வு எழுதியது நாங்கள்.

தொடக்கத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 600 என இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதாக இருந்தது. முதல் தேர்வு நடந்த சில மாதங்களிலேயே, 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும் என்று மாற்றினீர்கள். அன்றிலிருந்து பதினொன்றாம் வகுப்புத் தேர்வு ஒரு விந்தையான நிலையில் இருந்தது. அந்த மதிப்பெண் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைக்குப் பயன்படாது. ஆனால் தோற்றுப்போனால் விடாது. எங்கள் வகுப்பில் கணக்கிலும் இயற்பியலிலும் தேர்ச்சி பெறாத சிலர், பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பாடங்களையும் மறுபடி படித்தார்கள். காலையில் புதுப் பாடம், மாலையில் பழைய பாடம். அவர்களுக்கு அந்த ஆண்டு என்னவாக இருந்தது என்பதைப் பக்கத்து பெஞ்சில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

தேர்வு என்றால் பயம், பதற்றம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு மாதங்களில் இருக்கிறது. ஒரு பொதுத்தேர்வு ஆண்டு எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஜூனில் பள்ளி திறக்கும். செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில் அரையாண்டு. அதற்குள் பாடங்களை முடித்தாக வேண்டும். ஜனவரி பிறந்தால் திருப்புதல் தேர்வு, அதன்பின் இன்னொரு திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு புதிதாக ஒன்றையும் நாங்கள் கற்றதில்லை. படித்ததையே படித்தோம். ஒரு மதிப்பெண் வினாக்களை வரிசை மாறாமல் ஒப்பித்தோம். பாடத்தின் பின்பக்க வினாக்களுக்கு மட்டும் கோடு போட்ட புத்தகங்கள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. நடுப்பக்கங்கள் புதிதாகவே இருக்கின்றன. 2018இல் தொடங்கிப் புதிதாக எழுதப்பட்ட அந்தப் புத்தகங்களில் எத்தனை உழைப்பு இருக்கிறது என்பது விடுமுறையில் நிதானமாகப் புரட்டும்போதுதான் தெரிகிறது. விரைவுக் குறியீடு (க்யூஆர் கோடு) அச்சிட்ட பக்கங்கள், வண்ணப் படங்கள், மேலும் படிக்க என்று தந்த குறிப்புகள், எல்லாவற்றையும் நாங்கள் தாண்டித்தான் போனோம்.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒத்ததிர்வுத் தம்பக் கருவி என்று ஒன்று உண்டு. இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, தண்ணீரின் மட்டத்தை மெல்லக் கீழே இறக்க வேண்டும். ஏதோ ஓர் உயரத்தில், அதுவரை காதுக்கு எட்டாமல் இருந்த ஒலி திடீரென்று பெருகி அறை முழுவதும் கேட்கும். அப்போது குழாயில் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றின் நீளத்தை அளந்தால் காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிடலாம். எங்கள் ஆசிரியர் அதைச் செய்து காட்டிய நாளில் யாரும் பேசவில்லை. "இன்னொரு முறை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. இன்னொரு இசைக்கவையை எடுத்துக் கொடுத்தார். அதிர்வெண் மாறியதும் ஒலி பெருகும் இடமும் மாறியது. ஏன் மாறியது என்று அவர் சொல்லவில்லை. எங்களைக் கேட்டார். அந்த ஒரு பாடவேளை முழுக்க அதிலேயே போயிற்று. அலைநீளம் என்றால் என்ன என்று எங்களில் பலருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகு மற்ற சோதனைகளை அப்படிச் செய்ய நேரம் கிடைக்கவில்லை. சுருள்வில் மாறிலி, ஸ்டோக்ஸ் முறையில் பாகியல் எண், நியூட்டனின் குளிர்வு விதி எல்லாம் பிப்ரவரிக்கு முந்தைய வாரங்களில் ஓடிப்போயின. ஒருவர் செய்ய, நான்கைந்து பேர் சுற்றி நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டோம். பதிவேடு சுத்தமாக இருந்தது. செய்முறைக்கு உரிய 20 மதிப்பெண்ணும் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. எங்கள் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. மூன்று வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டு, மாணவர் விவரங்களைத் தொகுக்கும் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டு, மாலையில் சிறப்பு வகுப்பும் எடுத்த ஒருவரிடம் இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. அவருக்கு நேரம் கொடுத்திருந்தால் எங்களுக்கு எப்படிப்பட்ட பதினொன்றாம் வகுப்பு கிடைத்திருக்கும் என்பதற்கு அந்த ஒரு பாடவேளை சாட்சி.

பள்ளியின் கடைசி வாரங்களில் ஒரு பெரிய நோட்டு வாங்கி, ஆளுக்கொரு பக்கம் எழுதுவது என்று முடிவு செய்தோம். உயர்நிலை, மேல்நிலை ஆண்டுகளில் மறக்க முடியாதது எது என்று மட்டும் எழுத வேண்டும். எழுதி முடித்து எல்லோரும் சேர்ந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலானவர்கள் ஒன்பதாம் வகுப்பைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு எங்களுக்கு அது ஒன்றுதான்.

அது 2022-23. பெருந்தொற்றுக்குப் பிறகு இடைவெளியின்றி நடந்த முதல் முழு ஆண்டும் அதுவே. அந்த ஆண்டுதான் கலைத் திருவிழா முதன்முறையாகப் பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நடந்தது. வாசிக்கத் திணறியதால் வகுப்பில் தலை நிமிராமல் இருந்த ஒரு மாணவன் பறை அடிப்பான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அவன் வட்டாரப் போட்டியில் பரிசு பெற்றுத் திரும்பியபோது தலைமையாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைத்தார். அதற்குப் பிறகு அவன் வாசிப்பும் மாறியது. தானே முன்வந்து படிக்கக் கேட்டான். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் கண்ணால் பார்த்தோம். இந்த விழாவைத் தொடங்கியவர்களுக்கு எங்கள் நன்றி உண்டு. இதே விழாவில் மேல்நிலை வகுப்புகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. நாங்கள் பதினொன்றில் இருந்தபோது எங்கள் பிரிவிலிருந்து போனவர்கள் மிகச் சிலர். "இந்த வருடம் பொதுத்தேர்வு இருக்கிறது" என்று வீட்டிலும் சொன்னார்கள், பள்ளியிலும் சொன்னார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பதினொன்றில் கிடைத்த மிதிவண்டி, பஸ் பாஸ், விலையில்லாப் புத்தகங்கள் ஆகியவை இல்லையென்றால் எங்களில் பலர் இங்கே வந்திருக்க மாட்டோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் சட்டமான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. கல்லூரியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வரும். எங்கள் வீடுகளில் "மேலே படிக்க வை" என்று வாதாட இந்தத் தொகை ஒரு பலமான காரணம். இதைச் சிறியது என்று சொல்கிறவர்கள் எங்கள் வீடுகளைப் பார்க்காதவர்கள்.

இனி, வேண்டுகோளுக்கு வருகிறோம்.

பொதுத்தேர்வு போய்விட்டது. அது எதைத் தடுக்க வந்ததோ அது மீண்டும் தொடங்கிவிடும் என்று அஞ்சுகிறோம். வேறு பள்ளிகளில் படிக்கும் நண்பர்களின் தம்பி, தங்கையர் இந்த ஆண்டு பதினொன்றில் இருந்தார்கள். அரையாண்டு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் அலுவலர்கள் தேடினால் கிடைக்கும். அதற்குப் பெரிய குழுவோ புதிய படிவமோ தேவையில்லை. ஜனவரியில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல் பதினொன்றாம் வகுப்பறைக்குள் நுழைந்து, மேசைமேல் எந்த வகுப்பின் புத்தகம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு வேண்டாம். மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதுவரை உங்கள் கையால் செய்த சோதனை எது? கடைசியாக நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம் எது? பதில் வராவிட்டால் அதற்குப் பள்ளிதான் விளக்கம் தர வேண்டும், மாணவர் அல்ல.

இப்படி ஆய்வு செய்வது கடினம், தேர்வு வைப்பது எளிது என்று நிர்வாகத்துக்குத் தோன்றலாம். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அந்த எளிமையின் விலையை எட்டு ஆண்டுகளாக மாணவர்கள் கொடுத்தார்கள். இனிமேல் கொஞ்சம் கடினமான வழியை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பதினொன்றாம் வகுப்புக்கு விடுதலையான மாதங்களை மாதத் தேர்வு, வாரத் தேர்வு என்று புதுப்பெயர்களில் திரும்ப எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். அந்த மாதங்களில் ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே செய்து பார்க்கட்டும். தாவரவியல் படிக்கிறவர் தன் ஊரின் ஏரிக்கரையில் என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கலாம். கணக்குப்பதிவியல் படிக்கிறவர் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கேட்டைப் புரிந்துகொண்டு எழுதிப் பார்க்கலாம். வரலாறு படிக்கிறவர் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி எழுதலாம். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை ஒரு சுற்றறிக்கை போட்டு நிறுத்துங்கள். மூன்று ஆண்டுகள் அந்தப் பாடவேளையைக் கால அட்டவணையில் மட்டுமே பார்த்தோம். பந்து அறைக்குள் பூட்டப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதத் துணிந்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

2020 மார்ச் நடுவில் பள்ளி மூடியபோது நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தோம். அடுத்து நாங்கள் வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்று, எட்டாம் வகுப்பு மாணவர்களாக. ஏழாம் வகுப்பு என்ற ஒன்று எங்கள் வாழ்வில் நேரில் நடக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. மின்சாரமும் தொலைக்காட்சியும் அந்த நேரத்தில் யாருக்கு ஓய்வாகக் கிடைத்ததோ அவர்கள் பார்த்தார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடுகள்தான் எங்கள் வகுப்பில் அதிகம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் அக்காக்களை நாங்கள் மறக்க மாட்டோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்குத் திரும்பிப் போயிருந்த சிலரை அவர்கள்தான் மீண்டும் கைபிடித்து நடத்தினார்கள்.

ஆனால் அந்த நவம்பரில் வராதவர்கள் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் எங்களோடு பெயர் இருந்தவர்கள். ஒருவன் மாமாவோடு வேறு மாவட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பிலும் சிலர் நின்றார்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாத இன்னும் சிலர் துணைத்தேர்வு எழுதவே வரவில்லை. எங்கள் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தில் இவர்களில் யாருமே இல்லை. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் தேர்ச்சி விகிதம். எழுத வராமலே போனவர் அந்தக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை.

மாணவர்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தி அறிவிப்பதை 2017இல் நிறுத்தினீர்கள். துணிச்சலான முடிவு அது. ஆனால் மாவட்டங்களைத் தேர்ச்சி விகிதத்தின்படி வரிசைப்படுத்துவது தொடர்கிறது. கடைசியில் வரும் மாவட்டத்தின் அலுவலருக்கு அழுத்தம், அவரிடமிருந்து தலைமையாசிரியருக்கு, அவரிடமிருந்து ஆசிரியருக்கு, ஆசிரியரிடமிருந்து மெல்லக் கற்போர் என்று பெயரிடப்பட்ட மாணவருக்கு. அந்த அழுத்தத்தின் கீழ், தேறமாட்டார் என்று தோன்றும் மாணவர் பள்ளிக்கு ஒரு பாரமாகத் தெரிகிறார். எல்லாப் பள்ளியும் அப்படியல்ல. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வீடு தேடிப்போய் அழைத்துவந்த மாணவர்களும் உண்டு. ஆனால் அப்படி அழைத்து வந்ததற்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பு இல்லை. அப்படி வந்தவர் தோற்றுப்போனால் விகிதம்தான் குறையும்.

ஆகவே முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி விகிதத்தோடு இன்னோர் எண்ணையும் வெளியிடுங்கள். ஒரு மாவட்டத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஏழாண்டுகள் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு நுழைவுச்சீட்டைப் பெற்றார்கள் என்ற எண். ஐடிஐ, பாலிடெக்னிக் போனவர்களையும் வேறு மாநிலம் போனவர்களையும் தனியே காட்டுங்கள். மீதியிருப்பவர்கள் யார் என்று அப்போது தெரிந்துவிடும். இதற்குப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. எங்களோடு ஆறாம் வகுப்பில் இருந்து, இப்போது எங்களோடு இல்லாதவர்களுக்கும் இருக்கிறது.

அவர்களுக்கும் இப்போது எங்கள் வயதுதான், பதினேழு, பதினெட்டு. இன்னும் எதுவும் முடிந்துவிடவில்லை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இருப்பதை அவர்களிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை. எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்ல ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டிய துறை உங்களுடையது. இதற்கும் திரட்ட முடியும். எங்கள் ஊர்ப் பகுதியில் அந்த வேலையைத் தொடங்க எங்கள் வகுப்பில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவம், தேர்வுக் கட்டணத்தில் விலக்கு, மாலையில் திறந்திருக்கும் ஒரு வகுப்பறை, பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் ஆகியவற்றை நீங்கள் தாருங்கள். அடுத்த தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் அறிவிக்கப்படுவதற்கு முன்னால் உங்கள் பதில் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
2025-26 கல்வியாண்டின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றிலிருந்து.